செங்கமலம் எத்தனை மணிக்குச் செத்தாள்?

பேராசிரியர் மணிபாரதி துண்டை உதறித் தோளில் போட்ட வேகத்தைப் பார்த்தவர்கள், காணாமல் போனது சோழர் காலத்துச் செப்பேடு என்றே நினைத்திருப்பார்கள். காணாமல் போனது ஒரு சினிமாவின் கடைசி ரீல்.

“களவு போனது வெறும் பிலிம் அல்ல அம்மா, தமிழனின் துயரம்!”

“எத்தினி நிமிஷத் துயரம் சார்?” என்று கேட்டான் தணிகைவேல்.

“பதினோரு நிமிடம்.”

“பரவால்ல. எங்க வூட்ல காத்தாலேந்து ஓடுது.”

கஸ்தூரி திரும்பிப் பார்த்தாள். ‘வாயை மூடு’ என்பதை அவள் வாயால் சொல்வதில்லை. பதினாறு வருஷம் அவள் ஏறி இறங்கிய பஸ்களை ஓட்டியவன், இப்போது அவளுக்கு உதவியாளன் என்பதால் தணிகைவேலுக்கு அந்தப் பார்வை அத்துப்படி. புரிந்தது. மூடவில்லை.

கஸ்தூரி அரசு பஸ்ஸில் டிக்கெட் செக்கராக இருந்தவள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வில்லியனூரில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் நிலையம் திறந்தாள். போர்டு எழுதியவர் பழக்கதோஷத்தில் ‘கஸ்தூரி துப்பறியும் நிறுத்தம்’ என்று எழுதிவிட்டார். அவளும் மாற்றவில்லை. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அவள் கண்டுபிடித்த தத்துவம் ஒன்றே ஒன்றுதான்: செக்கர் ஏறியதும் எவன் ஜன்னல் வழியாக இயற்கையை ரசிக்கிறானோ, அவனிடம் டிக்கெட் இல்லை.

இப்போது, படத்தின் பொன்விழாவுக்காகப் பிடித்திருந்த கல்யாண மண்டபத்தில் அவள் முன்னால் ரசிக்கத்தக்கதாக இருந்தது பேராசிரியர் மட்டுமே.

விஷயம் இதுதான். ‘கடைசி மதகு’ என்ற படத்தை ஐம்பது வருஷத்துக்கு முன் பாகூர் ஏரிக்கரையில் எடுத்தார்கள். கறுப்பு வெள்ளை. ஏரித் தண்ணீர் வயலுக்கு வர வேண்டும் என்பதற்காகக் கதாநாயகி செங்கமலம், கல்யாணமான மறுநாளே மதகில் குதித்துச் செத்துப்போவாள். சென்னையில் பதினோரு நாள் ஓடியது. பிற்பாடு ஏதோ வெளிநாட்டுத் திரைப்பட விழாவில் யாரோ ஒருவர் பாதியில் எழுந்து நின்றார் என்று செய்தி வர, இங்கே எல்லோரும் காவியம் என்று சொல்லிவிட்டார்கள். எழுந்தவர் ஒண்ணுக்குப் போக எழுந்தார் என்பது தணிகைவேலின் கட்சி.

நெகட்டிவ் எரிந்துபோயிற்று. பிரதிகள் மக்கிப்போயின. மிஞ்சியது ஒரே ஒரு பிரதி. வில்லியனூர் ஸ்டெல்லா டூரிங் டாக்கீஸில் ஆப்பரேட்டராக இருந்து மறைந்த சூசைநாதனின் வீட்டுப் பரணில், கோணிக்குள், பதினாறு டப்பாக்கள். மாதா கோயில் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அவர் மகள் மரிய செலின், பொன்விழா என்று கேட்டதும் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள். அந்தச் சிரிப்புக்குத்தான் இப்போது தண்டனை; கஸ்தூரியிடம் ஓடி வந்ததும் அவள்தான்.

“நேற்று புரொஜெக்டரைச் சோதிக்கக் கடைசி டப்பாவை மட்டும் ஓட்டினோம்,” என்றார் பேராசிரியர். “பழைய பிலிம். அடிக்கடி ஓட்டினால் பொடிந்துவிடும் என்று மற்றதைத் தொடவில்லை. செங்கமலத்தின் மரணத்தை எதிர்பார்த்து நான் கைக்குட்டையோடு உட்கார்ந்தேன். கல்யாணம் நடக்கிறது அம்மா! மேளம்! முடிவில் கலரில் ஒரு மயில் தோகை விரித்து ‘சுபம்’ என்கிறது! ஏதோ சாமி படத்திலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறான் அந்த ஆப்பரேட்டர்!”

“மயில் நல்லா இருந்துச்சா சார்?” என்றான் தணிகைவேல்.

பேராசிரியர் மூன்று பக்கப் புகார் மனுவை எடுத்து நீட்டினார். முன்னுரை, முடிவுரை, நடுவில் உபதலைப்புகள். சூசைநாதன் கடைசி ரீலை அந்தக் காலத்திலேயே களவாடி விற்றுவிட்டார், உடந்தை மகள் மரிய செலின் என்பது சாரம். உடந்தைக்கு அப்போது நாலு வயது.

“இரண்டரை மணிக்குப் படம். முடிவதற்குள் ரீல் வரவில்லை என்றால் இது நேராக ஸ்டேஷனுக்குப் போகும். வந்திருக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் ஒவ்வொரு பிரதி.”

“அவரு திருடுனாருன்னு சாட்சி?” என்றாள் கஸ்தூரி.

பேராசிரியர் கோணியோடு வந்த ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தார். சூசைநாதனின் கையெழுத்து. படம் வந்த மூன்றாம் நாள் தேதி போட்டு ஒரே வரி: ‘கடைசி ரீல் – நெஃப்.’

“நெஃப் என்றால் பிரெஞ்சில் புதியது. பழைய கடைசி ரீல் போயிற்று, புதியது வந்தது. தன் கைப்பட எழுதிய ஒப்புதல் வாக்குமூலம்!”

அவர் மேஜையில் அவரே எழுதிய புத்தகம் அடுக்கியிருந்தது. ‘துயரத்தின் நீர்ப்பாசனம்’, நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். சென்னையில் பதினோரு நாள் ஓடிய படம் ஸ்டெல்லா டெண்டுக் கொட்டகையில் நூறு நாள் ஓடியது. ஆகவே உயர்ந்த துன்பியலை உணர்ந்தவன் படிக்காத பாமரனே என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அட்டையில், டெண்டுக்குள் குலுங்கி அழும் ஓர் இளம்பெண்ணின் படம். கஸ்தூரி முன்னுரையை மட்டும் நின்றபடியே வாசித்தாள். ‘நூறாம் நாள், ஒன்பது வயதுச் சிறுவனாக, ஸ்டெல்லா டெண்டின் மணல் தரையில் அமர்ந்து, செங்கமலம் மடிவதுடன் படம் முடியக் கண்டேன். மூன்று நாள் சோறு இறங்கவில்லை.’

“பாவம் சார் நீங்க,” என்றாள். உண்மையாகவே இரங்கியது போல் இருந்தது. தணிகைவேலுக்கு மட்டும் தெரியும். அபராதச் சீட்டைக் கிழிப்பதற்கு முன் அவள் இப்படித்தான் அன்பாகப் பேசுவாள்.

வண்டியைக் கிளப்பும்போது அவள் கேட்டாள்: “டப்பா எத்தினி?”

“பதினாறு.”

“படம் மொத்தம் எத்தினி ரீலு?”

“சென்சார் சர்ட்டிபிகேட்ல பதினாறுன்னுதான் போட்டிருக்குது.”

“ஒரு ரீலு களவு போயிருந்தா டப்பா பதினஞ்சுதானப்பா இருக்கணும்?”

“இந்த விழாக் கமிட்டியில எண்ணுறதுக்குத் தனியா துணைக் கமிட்டி போட்டாங்களாம் அக்கா. அது இன்னும் கூடல.”

கஸ்தூரி தனக்குத்தானே சொல்வது போல் சொன்னாள்: “பஸ்ல தலையும் சரியா இருந்து டிக்கெட்டும் சரியா இருந்தா, யாரும் எறங்கலன்னு அர்த்தம்.”

‘நெஃப்’ என்ற ஒற்றை வார்த்தையைப் பிடித்துக்கொண்டு முதலில் போனது ஃபிராங்க்ளின் வீட்டுக்கு. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் என்பதால் இங்கே இன்னும் இருக்கும் பிரெஞ்சு பென்ஷன்காரர்களில் ஒருவர். மூன்று மாதம் பாரிசில், ஒன்பது மாதம் வில்லியனூரில், பன்னிரண்டு மாதமும் பாரிசைப் பற்றி. பேராசிரியருக்கு வார்த்தையை மொழிபெயர்த்துக் கொடுத்தவர் அவர்தான்.

“நெஃப்னா புதுசு, மதாம். சந்தேகமே இல்ல. பாரிசுல பொன் நெஃப்னு ஒரு பாலம் இருக்குது. புதுப்பாலம்.”

“எப்ப கட்டினாங்க முசியே?” என்று கேட்டான் தணிகைவேல்.

“அது ஆவுது, நானூறு வருஷம்.”

“பெயிண்ட் இன்னும் காஞ்சிருக்காது.”

“வேற அர்த்தம் கெடையாதா?” என்று கேட்டாள் கஸ்தூரி.

“பேராசிரியர் கேட்டது ‘புதுசுன்னு அர்த்தமா’ன்னு. ஆமான்னு சொன்னேன். கேக்காததச் சொல்ற பழக்கம் எங்களுக்குக் கெடையாது,” என்று சொல்லிவிட்டு, யாரும் கேட்காத பாரிஸ் மெட்ரோவைப் பற்றி நாற்பது நிமிஷம் சொன்னார்.

அடுத்தது பாகூர். புத்தக அட்டையில் ‘பாகூர் நடவுப் பெண்’ என்ற குறிப்போடு அழுதவளைத் தேடி. பேர் ராமாயி என்று டீக்கடையிலேயே சொல்லிவிட்டார்கள். குறுக்கு வழி என்று தணிகைவேல் ஏரிக்கரையில் வண்டியை விட்டதில் கருவேல முள் இழுத்து, கஸ்தூரியின் ரவிக்கையில் இடது கை தோள்வரை கிழிந்தது. “வழி குறுகலா இருந்துச்சு அக்கா, அதான் குறுக்கு வழி,” என்றான்.

ராமாயிக்கு அறுபத்தெட்டு வயது. முழங்கால் சேற்றில் நின்றபடி பன்னிரண்டு பேரை நடவு வேலை வாங்கிக்கொண்டு, போனில் பதின்மூன்றாவது ஆளைத் திட்டிக்கொண்டிருந்தாள். கையோடு கொண்டுவந்த புத்தகத்தை வரப்பில் நின்று காட்டினார்கள்.

“அட, நானு! இத்த எப்பத்திக்கி எடுத்தான்?”

“நீங்க அழுவுறதப் பத்தி உள்ள நாப்பது பக்கம் எழுதியிருக்காரும்மா,” என்றான் தணிகைவேல். “பாமரத் துயரத்தின் முகமாம்.”

“எவன் அவன்? பக்கத்துல குந்தினு இருந்தவ பச்ச மொளகா பஜ்ஜி குடுத்தா. அதுல வந்த தண்ணி.”

“சரி, படம் எப்படி முடியும்?”

“அந்தப் பொண்ணு செத்தா. அழுதேன். அப்பால அவளுக்குக் கல்யாணம். சிரிச்சேன். வூட்டுக்கு வந்துட்டேன்.”

“செத்தப்பறம் கல்யாணமா?”

“ஆமா. ஏண்டி, அந்த நாத்து முடிய இங்க போடு! படத்த இன்னிக்கி மறுபடியும் காட்றாங்களாமே? வரேன், போ. நாத்து காயுது.”

தணிகைவேல் நெற்றிப்பொட்டில் விரலைச் சுழற்றிக் காட்டினான். கஸ்தூரி சிரிக்கவில்லை. வண்டியில் ஏறி வில்லியனூர் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அது தணிகைவேலுக்குப் பிடிக்காது. பேசாத கஸ்தூரியை ஏற்றிக்கொண்டு போவது, பிரேக் பிடிக்காத வண்டியை ஓட்டுவது மாதிரி.

மரிய செலின் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மிஷின் ஓடவில்லை. ஒரு மணி ஆகியிருந்தது.

“கெடைச்சுதாக்கா?”

“இல்லம்மா.”

“எங்க அப்பா ஒரு முறுக்கு கூட கேக்காம எடுக்க மாட்டாரு. நாப்பது வருஷம் கோயில்ல மணி அடிச்ச மனுசன். காலைல பால் போடுறவன் என்னப் பாத்துட்டு பாத்திரத்த எண்ணிட்டுப் போறான்.” கண்ணைத் துடைத்துக்கொண்டவள், கஸ்தூரியின் தோளைப் பார்த்துவிட்டாள். “இன்னாக்கா இது கை? இப்படியேவா ஊர சுத்துனீங்க? நீட்டுங்க. எனக்குக் கை சும்மா இருந்தா அழுகதான் வருது.”

கழுத்தில் தொங்கிய டேப்பை உருவித் தோளில் வைத்தாள். விரலால் நகர்த்தி நகர்த்தி வாய்க்குள் முணுமுணுத்தாள்: “…காத்ர், சேங்க், சீஸ், செத், யுயித், நெஃப். சரிக்கா, எடுத்துட்டேன்.”

கஸ்தூரியின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

“கடைசியா இன்னா சொன்ன?”

“எடுத்துட்டேன்னு.”

“அதுக்கு முன்னாடி.”

“நெஃப். ஒம்போது இஞ்சு. அப்பா சொல்லிக் குடுத்த கணக்கு. எனக்கு அளவு எடுக்கையில வேற கணக்கு வராது. இங்க எல்லா பொம்பளைங்களுக்கும் பிரெஞ்சுலதான் ஜாக்கெட்டு.”

“நெஃப்னா புதுசு இல்லியா?”

“அதுவும் நெஃப்தான். ஏங்க்கா?”

“உங்கப்பா நோட்டுல எழுதியிருக்குறத உனக்குக் காட்டுனாங்களா?”

“ஏதோ எழுதியிருக்குதுன்னு சொன்னாங்க. கையில குடுக்கல. திருடன் பொண்ணாச்சே.”

கஸ்தூரி ஃபிராங்க்ளினுக்குப் போன் போட்டாள். அவர் குரல் ஸ்பீக்கரில் நிதானமாக வந்தது. “ஒன்பதா? ஆமா மதாம், ஒன்பதுக்கும் நெஃப்தான். நீங்க கேக்கலியே.”

தணிகைவேல் துள்ளினான்: “அப்ப கடைசி ரீலு எங்கியும் போவல. ஒம்போதாவது டப்பாவுல குந்தினு இருக்குது!”

“பழைய ஒம்போது பத்தாச்சு, பத்து பதினொண்ணாச்சு. யாரும் எறங்கலடா. சீட்டு மாத்தி உக்காந்திருக்காங்க. செலின், பொடவ மாத்திக்க. நீயும் வா.”

“போயி ஒம்போதாவது டப்பாவத் தெறந்து அந்த ஆளு மூஞ்சில காட்டலாம் அக்கா!”

“வேணாம். டப்பாவக் காட்டுனா பேசுவாரு. படம் காட்டட்டும்.”

மண்டபம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் சிறப்பு விருந்தினர்கள். பின்னால், கால் கழுவிய ஈரத்தோடு ராமாயியும் நடவுப் பெண்களும். பேராசிரியர் மைக்கைப் பிடித்து, “இன்று நீங்கள் காணப்போவது முடிவில்லாத ஒரு காவியம். முடிவு களவாடப்பட்டுவிட்டது. களவாணியின் வாரிசு இதே அரங்கில் இருக்கிறது,” என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். செலின் சேலைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். கஸ்தூரி தன் கிழிந்த கையை அவள் கையோடு கோத்துக்கொண்டாள்.

ஜன்னல்கள் சாத்தப்பட்டன. படம் ஓடியது. உண்மையைச் சொன்னால் நல்ல படம்தான். பேராசிரியர் நானூறு பக்கம் எழுதியும் அதைக் கெடுக்க முடியவில்லை. ஏரியில் தண்ணீர் இருந்தது. செங்கமலத்தின் கண்ணில் அதைவிட அதிகம் இருந்தது. எட்டு ரீல் போனதே தெரியவில்லை.

ஒன்பதாவது டப்பா.

திரையில் திடீரென்று செங்கமலம் கல்யாணப் புடவையில் ஏரிக்கரையில் ஓடி வந்தாள். முன்வரிசையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. பேராசிரியர் எழுந்துவிட்டார். “இது… இது கடைசி ரீல்!”

“குந்துயா! மறைக்குது!” என்றது பின்வரிசை.

செங்கமலம் மதகில் ஏறினாள். கையெடுத்துக் கும்பிட்டாள். குதித்தாள். மூடிய நீரில் மாலை மட்டும் மிதந்தது. தணிகைவேல் மூக்கை உறிஞ்சியபடி கடிகாரத்தைப் பார்த்தான். நாலு மணி எட்டு நிமிஷம்.

அடுத்த நொடியில் பிலிம் ஒரு குதி குதித்தது. பழைய ஒன்பதாவது ரீலின் தொடக்கம்: செங்கமலம் பாயில் படுத்திருக்கிறாள். திடுக்கிட்டு எழுந்து, கழுத்தைத் தடவி, “நல்ல வேளை!” என்கிறாள்.

பின்வரிசையில் ராமாயி கூவினாள்: “கனவுடி! பயப்புடாதீங்க! இனிமேதான் கல்யாணம்!”

மண்டபமே அதிர்ந்தது. அப்புறம் கதாநாயகன் வந்ததற்கு விசில், மேளத்துக்கு விசில், கடைசியில் கலரில் தோகை விரித்த மயிலுக்கு எழுந்து நின்று விசில். சிறப்பு விருந்தினர் ஒருவர் செருப்பைத் தேடாமலே ஆடினார்.

யாரோ ஜன்னல்களைத் திறந்தார்கள். சாயங்கால வெயில் உள்ளே விழுந்தது. ராமாயி மைக் இல்லாமலே சொன்னாள், மைக் தோற்றது: “மொத நாளு கடைசிலதான் செத்தா. எங்க நடவு செட்டு பதினாலு பேரும் ஆப்பரேட்டர் கிட்ட போயி கேட்டோம். ‘மதகத் தெறக்க ஒரு கடப்பாரை போதும், எதுக்கு ஒரு பொண்ணு?’ன்னு. மூணாம் நாளு பாத்தா கனவுல சாவுறா. அப்பால நூறு நாளும் நாங்கதான். சூசைநாதன் திருடனா? ஒரு உசுரக் காப்பாத்துன மனுசன்யா!”

செலின் இறுகப் பிடித்திருந்த சேலைத் தலைப்பை விட்டாள். பால்காரன் எழுந்து வந்து, என்ன சொல்வதென்று தெரியாமல், “நாளைக்கி ரெண்டு லிட்டராக்கா?” என்று கேட்டான்.

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். அவ்வளவு சீக்கிரம் விழுகிற ஆளா? “நண்பர்களே, களவு இல்லை என்றாலும் இது ஒரு காவியத்தின் மீது நிகழ்ந்த வன்முறை. பாமரச் சிதைப்பு. நான் மட்டும் அன்று உண்மையான முடிவைக் கண்ட சாட்சியாக…”

“சார்,” என்று எழுந்தாள் கஸ்தூரி. அதே அன்பான குரல். “உண்மையான முடிவு ஸ்டெல்லா டெண்டுல எத்தினி நாள் ஓடுச்சு?”

“அது… இரண்டு நாள்.”

“நீங்க பாத்தது?”

“நூறாம்…” என்று தொடங்கியவர் அங்கேயே நின்றார்.

“நூறாம் நாளு. மண் தரையில குந்தினு. செங்கமலம் செத்ததோட படம் முடிஞ்சுது. மூணு நாளு சோறு எறங்கல. முன்னுரையில போட்டிருக்குது.” கஸ்தூரி இரண்டடி முன்னால் வந்து கையை நீட்டினாள். இருபத்திரண்டு வருஷம் நீட்டிய அதே கை. ஒன்பது இஞ்சு, தோள்வரை கிழிந்திருந்தது. “டிக்கெட் எடுங்க சார்.”

பேராசிரியர் மணிபாரதி மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே ஒரு கரும்பு லாரி, ஒரு வேப்பமரம், அதன்மேல் இரண்டு காக்கை.

“என்ன அழகான மாலைப்பொழுது,” என்றார்.

செலின் எழுந்து போய், அவர் கையில் தளர்ந்து தொங்கிய புகார் மனுவை மெதுவாக உருவிக்கொண்டாள். மூன்று பக்கத்தையும் கஸ்தூரியின் தோளில் வைத்து அளவு பார்த்தாள். முன்னுரையையும் முடிவுரையையும் மடித்து ஒதுக்கினாள்.

“ஜாக்கெட்டுக் கை வெட்ட மாதிரி அட்டை தேடிக்கினு இருந்தேன். இது சரியா வரும்க்கா.”

தணிகைவேல் வாசலில் வண்டியை உதைத்துக்கொண்டே உள்ளே பார்த்துக் கூவினான்:

“அக்கா, சார வழியிலயே எறக்கி வுட்ரலாமா, இல்ல டெப்போ வரைக்கும் ரசிச்சுக்கினு வரட்டுமா?”